இல்லாத கோட்டைக்கு இரவுக் காவல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



"அது சூதாட்டம் அல்லவே ஹஜ்ரத்!" கைப்பேசியில் கோட்டை கட்டிக் காவல் காக்கும் விளையாட்டைப் பற்றி நாம் எப்போது வாய் திறந்தாலும், நம் இளைஞர்களிடமிருந்து வரும் முதல் பதில் இதுவே. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டும் தம்பியும் இதைச் சொல்கிறார், கல்லூரியில் வணிகவியல் படிக்கும் தம்பியும் இதைச் சொல்கிறார். இந்த ஒரு வாக்கியத்தோடு விவாதம் முடிந்துவிட்டதாகவும் இருவரும் கருதுகின்றனர். முடியவில்லை என்று காட்டுவதற்கே இக்கட்டுரை.

சூதாட்டம் அல்ல என்பதை நாம் மறுக்கவில்லை. பணம் கட்டிப் பணம் அள்ளும் ரம்மி வகையறாக்களைத் தமிழக அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுமைக்கும் தடை செய்தது. ஊர் கட்டி, மதில் எழுப்பி, படை நிறுத்தும் விளையாட்டுகள் இவ்விரண்டு வலையிலும் சிக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவை குற்றமற்றவை. ஆனால் இங்கே ஒரு செய்தியை நம் தம்பிகள் கவனிக்க வேண்டும். பண விளையாட்டுகளுக்காக 2025 பிப்ரவரியில் தமிழக அரசு வகுத்த விதிகளில் ஒன்று, நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை எவரும் உள்ளே நுழையலாகாது என்பது. விளையாட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அவ்விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. அரசாங்கத்துக்குத் தஹஜ்ஜுதும் தெரியாது, ஸஹரும் தெரியாது. ஆயினும் மனிதன் தன்னை இழக்கும் நேரம் எது என்று அது கணக்கிட்டபோது, நம் மார்க்கம் மனிதன் தன் இறைவனோடு தனித்திருக்கச் சொன்ன அதே ஐந்து மணி நேரத்தில்தான் வந்து நின்றது.

இனி விளையாட்டுக்கு வருவோம். இதைப் பார்க்காமலேயே மிம்பரிலிருந்து சாடும் பழக்கம் நம்மவர்களில் சிலருக்கு உண்டு. இளைஞர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு எழுந்து போவதற்கு அதுவே காரணம். ஆகவே தம்பிகளை அருகில் அமர்த்தி, அவர்கள் விளக்க விளக்கக் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

நம் பகுதியில் மிகுதியாக ஆடப்படுவது கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் உள்ள சூப்பர்செல் என்ற நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. 2016-இல் சீனத்தின் டென்சென்ட் தலைமையிலான கூட்டு, 860 கோடி டாலர் கொடுத்து அந்நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. ஆடுபவருக்குச் சொந்தமாக ஒரு சிற்றூர் கிடைக்கும். நடுவில் ஊர் மன்றம், சுற்றிலும் மதில், பீரங்கி, வில்லாளர் கோபுரம். தங்கமும் 'எலிக்ஸிர்' என்ற மாய நீரும் சேமிப்பில் இருக்கும். (அந்தச் சொல்லே 'அல்-இக்ஸீர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பா போய்த் திரும்பி வந்ததுதான். நம் முன்னோரின் வேதியியல் ஏடுகளில் இருந்த சொல் இன்று நம் பிள்ளைகளின் தூக்கத்தைத் தின்ன வந்திருக்கிறது!) ஆடுபவர் கைப்பேசியை வைத்துவிட்டு உறங்கும்போது உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து இன்னொருவர் படையெடுத்து அச்சேமிப்பைக் கொள்ளையிடலாம். ஊர் ஓரளவு அழிந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு கேடயம் தரப்படும். அது தீர்ந்தால் ஊர் மறுபடியும் திறந்த வெளி.

ஆடுபவர் உள்ளே இருக்கும்போது ஊரைத் தாக்க முடியாது என்பது அவ்விளையாட்டின் பழைய விதி. அதன் விளைவை ஊகிக்கப் பேரறிவு தேவையில்லை. கைப்பேசியை மின்னிணைப்பில் போட்டு, அவ்வப்போது விரலால் தொட்டுத் தொட்டு, விடிய விடிய ஊரை மூடாமல் வைத்திருந்தவர்கள் உலகெங்கும் இருந்தனர். பின்னர் அந்நிறுவனமே, தொடர்ந்து பல மணி நேரம் ஆடினால் கட்டாய ஓய்வு என்று விதி வைக்க நேர்ந்தது. விற்பவனே பொறுக்க மாட்டாமல் "சற்றுப் போய் வா" என்று வெளியேற்றும் பொருளை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இது தனியூர்க் காவல். இதைவிட வலியது குழுக் காவல். ஒரு 'கிளான்' என்பது ஐம்பது பேர் வரை கொண்ட குழு. குழுவினர் ஒருவர் கோட்டைக்கு மற்றவர் தம் படைவீரரை அனுப்பி நிறுத்தி வைப்பர். உரியவர் உறங்கும்போது எதிரி வந்தால் அவ்விரவல் படை கோட்டையிலிருந்து பாய்ந்து போரிடும். குழுப்போர் வந்தால் ஆயத்தத்துக்கு 23 மணி நேரம், போருக்கு 24 மணி நேரம். தன் பங்குத் தாக்குதலைத் தவறவிட்டவரைத் தலைவர் கண்டிப்பார், மீண்டும் தவறினால் வெளியேற்றுவார். போர் முடியும் கடிகாரம் நம் ஊர் நேரம் பார்த்து ஓடுவதில்லை. கடைசி ஒரு மணி நேரம் நள்ளிரவு இரண்டரைக்கு விழுந்தால் இரண்டரைக்கு எழுந்திருக்க வேண்டியதுதான். எழுந்திருக்கின்றனர். அலாரம் வைத்து, ஒரே அழைப்பில், போர்வையை உதறிக்கொண்டு எழுந்திருக்கின்றனர்!

நம் உள்ளத்தைக் குத்துவது இந்த எழுச்சிதான். ஸுப்ஹுக்கு எழுப்பும்போது, "ஒன்றரை ஷிப்ட் பார்த்த உடம்பு ஹஜ்ரத், எழ முடியவில்லை" என்று சொல்லும் அதே உடம்பு இது. காலை எட்டரைக்கு மெஷினில் அமர்ந்து இரவு எட்டரைக்கு எழுந்தவரின் களைப்பு உண்மையான களைப்பு. திருப்பூரில் வாழ்ந்துகொண்டு அதை அறியாதவர் யாருமில்லை, அதை எள்ளி நகையாடும் உரிமையும் எவருக்குமில்லை. ஆனால் இரண்டரை மணிக்கு அக்களைப்பு எங்கே போயிற்று? எழ முடியாமை உடம்பில் இல்லை என்பதற்கு அவர்களே வைத்த அலாரம் சாட்சி சொல்கிறது.

நம் இளைஞர்கள் சோம்பேறிகள், பொறுப்பற்றவர்கள், எதற்கும் கட்டுப்படாதவர்கள் என்று பெரியவர்கள் சொல்வதை இதனால்தான் நாம் ஏற்பதில்லை. கண் விழித்துக் காக்கிறார்கள். முகம் அறியாத ஒருவரின் கோட்டைக்குத் தம் படையைக் கேட்டவுடன் அனுப்புகிறார்கள். தலைவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். வாக்குக் கொடுத்தால் நேரம் தவறுவதில்லை. இத்தனையும் நம் மார்க்கம் ஒரு முஸ்லிமிடம் எதிர்பார்க்கும் பண்புகள். அப்பண்புகள் இருந்தும் ஊருக்கு வந்து சேரவில்லை, ஹெல்சிங்கிக்குப் போகின்றன.

எல்லைக் காவலுக்கு நம் மார்க்கத்தில் 'ரிபாத்' என்று பெயர். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனம் முஃமின்களை விளித்து, பொறுமையோடும் நிலைகுலையாமையோடும் சேர்த்து இதையும் கட்டளையிடுகிறது. எல்லையில் நின்று இரவில் விழித்துக் காத்த கண்ணை நரகம் தீண்டாது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அல்லாஹ்வின் அச்சத்தால் அழுத கண்ணோடு அதை இணைத்துச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். காவல் அத்தனை உயர்ந்தது. தம்பிகளில் சற்றுப் படித்தவர்கள் இதையே நம்மிடம் திருப்பி வீசுகின்றனர். "உஹதில் ஐம்பது வில்லாளர்களைக் குன்றின் மீது நிறுத்தியதும் இதே தந்திரம்தானே? இடத்தை விட்டு அகலாதே என்று கற்றுத் தருவதும் இதே பாடம்தானே?" என்கின்றனர்.

நல்ல கேள்வி. உஹதை முழுமையாகவே பார்ப்போம். ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரழி) தலைமையில் ஐம்பது பேர். வென்றாலும் தோற்றாலும் இடம் பெயரக்கூடாது என்பது கட்டளை. எதிரி பின்வாங்கியதும் கீழே கிடந்த பொருளைக் கண்டு பெரும்பாலோர் இறங்கினர். தலைவரும் சிலரும் மட்டுமே எஞ்சினர். அந்நாளில் இஸ்லாத்துக்கு வராதிருந்த காலித் இப்னு வலீத் குதிரைப்படையோடு பின்புறமாக வளைத்து வந்தார். எஞ்சியவர்கள் ஷஹீதானார்கள். எழுபது உயிர்கள் அன்று போயின, நாயகத்தின் (ஸல்) பல் உடைந்தது. குன்றை விட்டு இறங்கச் செய்தது எது? கீழே தெரிந்த கொள்ளைப் பொருள். கைப்பேசிக் கோட்டையைக் காக்க வைப்பது எது? தங்கமும் எலிக்ஸிரும் என்ற கொள்ளைப் பொருள். ஆகவே தம்பி, உஹதை நீங்கள் எடுத்துக் காட்டியது நன்று. ஆனால் அந்தக் குன்றில் நீங்கள் நிற்கும் இடம் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸுப்ஹு என்ற காவலிடத்தைக் காலி செய்துவிட்டுப் பள்ளத்தில் மின்னுவதை நோக்கி இறங்கியவர்களின் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

ரிபாத் என்றதும் வாளையும் குதிரையையும் மட்டும் நினைப்போருக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சமுதாயத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்போர் உள்ள காலம் இது என்பதால் தெளிவாகவே சொல்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற புகழ்பெற்ற ஹதீஸில், பாவங்களை அழித்துப் பதவிகளை உயர்த்தும் செயல்கள் எவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். சிரமமான வேளையிலும் ஒளூவை நிறைவாகச் செய்வது, பள்ளிவாசலை நோக்கி அதிக எட்டுகள் வைப்பது, ஒரு தொழுகை முடிந்து அடுத்த தொழுகைக்காகக் காத்திருப்பது. இவற்றைச் சொல்லிவிட்டு, ரிபாத் என்பது இதுவே என்றார்கள். திருப்பூர்க்காரர் ஒருவர் காக்க வேண்டிய எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் இல்லை. மார்கழிக் குளிரில் குழாய்த் தண்ணீரில் ஒளூ செய்வதும், தெருமுனைப் பள்ளிவாசல் வரை நடப்பதுமே அந்த எல்லை. அங்கே எதிரி வெளியிலிருந்து வருவதில்லை, நமக்குள் படுத்திருக்கிறான்.

தாத்துர் ரிகாஉ பயணத்தில் நடந்த நிகழ்வை நம் மத்ரஸாவில் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கிறோம். கணவாயின் வாயிலில் இரவுக் காவலுக்கு இருவர் நின்றனர்: அப்பாத் இப்னு பிஷ்ர் (ரழி), அம்மார் இப்னு யாஸிர் (ரழி). முதற்பாதி இரவு அப்பாத் விழித்திருக்க, அம்மார் உறங்கினார். அப்பாத் காவல் நின்றபடியே தொழத் தொடங்கினார். இருளில் எதிரி ஒருவன் அம்பெய்தான். பிடுங்கி எறிந்துவிட்டுத் தொழுதார். இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. அதன் பிறகே ருகூஉ, ஸுஜூது முடித்துத் தோழரை எழுப்பினார். குருதியைக் கண்ட அம்மார், முதல் அம்பிலேயே எழுப்பியிருக்கலாமே என்று பதறினார். ஓதிக்கொண்டிருந்த அத்தியாயத்தை இடையில் முறிக்க மனம் வரவில்லை என்றும், நாயகம் (ஸல்) ஒப்படைத்த காவலிடம் பறிபோகுமே என்ற அச்சம் இல்லாவிட்டால் உயிர் போனாலும் தொழுகையை முறித்திருக்க மாட்டேன் என்றும் அப்பாத் சொன்னார். காவலும் தொழுகையும் அவருக்கு ஒன்றையொன்று தின்னவில்லை. நம் தம்பியின் காவலோ தொழுகையைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது.

உண்மைக் கோட்டை எப்படியிருக்கும் என்பதை நம் பிள்ளைகள் பார்த்ததுண்டா? திருப்பூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் பாலக்காட்டுக் கோட்டை நிற்கிறது. 1766-இல் ஹைதர் அலி கட்டியது. அதன் அகழியில் இன்றும் நீர் நிற்கிறது. நம் பக்கத்துக் கோயம்புத்தூரில் இருந்த கோட்டையை 1791-இல் சால்மர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி சிறுபடையோடு மாதக்கணக்கில் காத்து நின்று, இறுதியில் திப்புவின் தளபதி கமருத்தீன் கானிடம் சரணடைந்தார். அக்கோட்டை இன்று இல்லை, கோட்டைமேடு என்ற பெயர் மட்டும் இருக்கிறது. அவ்விருதரப்பில் எது நம் தரப்பு என்ற வழக்கு இங்கே வேண்டாம். உள்ளே மனிதர்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் குடிநீரும் தானியமும் தேவைப்பட்டன, மதில் விழுந்தால் சாகப்போவது அவர்கள் என்பதால் ஒருவன் கண் விழித்தான். அதுவே காவலின் பொருள். கைப்பேசிக் கோட்டைக்குள் யார் இருக்கிறார்கள்? பத்தாண்டுகள் காத்தாலும் அதற்குள் பசித்திருக்கும் ஒரு குழந்தையும் இல்லை, காப்பாற்றப்படும் ஒரு முதியவரும் இல்லை.

இதே வகையில் இன்னும் இரண்டு விளையாட்டுகளை மத்திய அரசு வேறு காரணத்துக்காகத் தடை செய்தது. எல்லைப் பதற்றத்தின்போது 2020 ஜூன் 29-இல் தடையான 59 செயலிகளில் கிளாஷ் ஆஃப் கிங்ஸ் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பர் 2-இல் தடையான 118-இல் பப்ஜியோடு ரைஸ் ஆஃப் கிங்டம்ஸும் ஒன்று. அதைப் பின்வாசல் வழியாக இறக்கி ஆடும் தம்பிகள் உண்டு. "அதில் ஸலாஹுத்தீன் அய்யூபி இருக்கிறார் ஹஜ்ரத், பைபர்ஸ் இருக்கிறார், நம் வரலாறு தெரிகிறது" என்று பெருமையாகச் சொல்கின்றனர். அதன் முழுப்பெயரில் 'லாஸ்ட் குருசேடு' என்று ஒட்டியிருப்பதை அவர்கள் படித்தார்களா? குருசேடு என்றால் சிலுவைப்போர். அதில் ஸலாஹுத்தீனைப் பெறும் முறையைக் கேட்டபோது நாம் திகைத்தோம். அவருடைய சிலைத் துண்டுகளைச் சேர்க்க வேண்டுமாம்! சேரச் சேர அவர் வலிமை கூடுமாம், விரைவாகச் சேர வேண்டுமென்றால் பணம் கட்டலாமாம். 1187-இல் பைத்துல் முகத்தஸை மீட்டவர், 1193-இல் டமாஸ்கஸில் இறந்தபோது அவர் கருவூலத்தில் இருந்தது 47 திர்ஹமும் ஒரு பொற்காசும் மட்டுமே என்று உடனிருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதி வைத்தார். அந்த மனிதரைத் துண்டு துண்டாக விற்கும் கடையில் வரலாறு கற்றேன் என்பவருக்கு நாம் என்ன சொல்ல?

இங்கே மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நாம் முஃப்தி அல்ல, மத்ரஸா ஆசிரியர். ஃபத்வா கொடுப்பது நம் வேலையல்ல. ஆயினும் நம் இமாம்கள் ஒரு படைநடத்து விளையாட்டைப் பற்றி நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்துள்ளனர் என்பதை நினைவூட்டலாம். அது ஷத்ரன்ஜ், நம் சதுரங்கம். ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்களில் பெரும்பாலோர் அதைக் கடுமையாகத் தடுத்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ் என்றனர். அந்த மென்மைக்கும் நிபந்தனைகள் இருந்தன: பந்தயம் இருக்கலாகாது, தொழுகை தவறலாகாது, நாவு கெடலாகாது. கவனியுங்கள், பந்தயம் அவற்றுள் ஒன்று மட்டுமே. "சூதாட்டம் அல்லவே" என்பவர் மூன்று பூட்டுகளில் ஒன்றைத் திறந்துவிட்டுக் கதவு திறந்ததாகச் சொல்கிறார். சதுரங்கப் பலகையோ ஆட்டம் முடிந்தால் மடிந்து மூலையில் கிடக்கும். ஆடுபவர் உறங்கும்போது ராஜா தாக்கப்படுகிறார் என்று அது மணியடிப்பதில்லை. முடிவில்லாத ஆட்டத்தை நம் இமாம்கள் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் மக்ரூஹ் என்ற சொல் போதுமென்று நினைத்திருப்பார்களா என்பது நமக்கு ஐயமே. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நாயகம் (ஸல்) வெறுத்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. வெறும் பேச்சுக்கே அப்படி.

தொழில் பக்கமும் ஒரு சொல். இரவு முழுதும் ஓடும் நிட்டிங் மெஷினுக்கு முன் நிற்கும் தம்பி உண்மையான காவலர். ஓர் ஊசி முறிந்தால் துணி நெடுகக் கோடு விழும். கண்டவுடன் நிறுத்தினால் ஒரு முழம் போகும், காணாவிட்டால் ரோல் முழுதும் போகும். அந்தத் துணி முதலாளியின் அமானிதம், வாங்கும் கூலி அந்த விழிப்புக்கான கூலி. அவ்வேளையில் கண் கைப்பேசிக் கோட்டையில் இருந்தால், சனிக்கிழமை கையில் வாங்கும் பணத்தில் எவ்வளவு ஹலால் என்று அவரே கணக்குப் போடட்டும். விடிய விழித்துவிட்டுக் காலையில் பவர்டேபிளில் அமர்பவரின் விரல் ஊசிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் நாம் விளக்கத் தேவையில்லை. இவ்வூரில் நகத்தில் தழும்பு உள்ள கைகள் ஏராளம்.

இந்த ஊருக்குக் காவல் தேவைப்படாத காலமா இது? பனியன் தொழிலின் தொடக்க வரலாற்றைப் பேசுவோர் எவரும் குலாம் காதர் அவர்களின் பெயரைத் தவிர்க்க முடியாது. நம்மவர் ஒருவர் தொடக்கத்திலேயே கைவைத்த தொழில் இது. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 விழுக்காடாக்கியபோது ஆர்டர்கள் நின்றன, ஷிப்ட் குறைந்தது, தொழிலாளர் வீட்டு அடுப்பிலும் அது தெரிந்தது. அந்த நாட்களில் புதிய சந்தை எது, நூல் விலை என்ன, ஒரு கைத்தொழில் கூடுதலாகக் கற்கலாமா என்று யோசிக்க வேண்டிய இளம் மூளைகள், அடுத்த மதிலை எந்த மட்டத்துக்கு உயர்த்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தன. மூளைக்கு வேலை தருகிறது என்ற வாதத்தை இதற்கு மேல் நாம் எப்படி மறுப்பது?

இவ்வளவும் இளைஞரை நோக்கிச் சொன்னோம். பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணித்த அத்தாவும் அம்மாவும், பத்தாண்டு கழித்து அதே கையிலிருந்து அதைப் பிடுங்க முற்படுவதில் பயனில்லை. நிர்வாகிகளுக்கு இன்னொரு கேள்வி. அந்த ஐம்பது பேர் குழுவில் பதினெட்டு வயதுத் தம்பிக்குப் பதவி உண்டு. அவர் இல்லாவிட்டால், "எங்கே போனாய்?" என்று கேட்க ஆள் உண்டு. நம் ஜமாஅத்தில் அவருக்கு என்ன இருக்கிறது? மூன்று வாரம் அவர் ஜும்ஆவுக்கு வராவிட்டால் கேட்பது யார்? கணக்கு எழுதவும், விளக்குப் போடவும், ஒலிபெருக்கியைத் தொடவும் அறுபது வயதுக்குக் கீழ் எவரையும் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, இளைஞர் வரவில்லையே என்று கூட்டம் போடுவது எந்த நியாயம்? தேவைப்படும் இடத்தை நோக்கி மனிதன் போவான். ஹெல்சிங்கி நிறுவனம் இந்த மனித இயல்பை அறிந்திருக்கிறது, நம் நிர்வாகக் கமிட்டிகள் அறியவில்லை.

சென்ற வாரம் ஒரு தம்பி நேர்மையாகவே கேட்டார்: "ஹஜ்ரத், நீங்கள் சொல்வது சரி. ஆனால் நடுப்போரில் விலகினால் மற்ற நாற்பது பேருக்கும் துரோகம் ஆகாதா? வாக்குக் கொடுத்திருக்கிறேனே." வாக்கைப் பற்றிக் கவலைப்படும் உள்ளத்தை நாம் மதிக்கிறோம். அவருக்குச் சொன்ன பதிலையே மற்றவர்களுக்கும் எழுதுகிறோம். நடக்கும் போரில் உங்கள் பங்கைப் பகலிலேயே, இடைவேளை நேரத்திலேயே முடித்துவிடுங்கள். பிறகு அந்த விளையாட்டிலேயே, அடுத்த போருக்கு நான் இல்லை என்று அறிவிக்கும் சிவப்புக் குறி ஒன்று உண்டு, அதை அழுத்துங்கள். யாரும் ஏமாற மாட்டார்கள். தலைவர் உங்கள் இடத்தில் வேறொருவரை வைத்துக்கொள்வார். உங்கள் சிற்றூர் கொள்ளை போகும், போகட்டும். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உறங்குங்கள், பழைய மணிக்கூட்டில் அலாரம் வையுங்கள்.

நம் மஹல்லா நிர்வாகிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். ஸுப்ஹுக்குப் பள்ளிவாசல் கதவைத் திறக்கும் சாவி இன்று முதுமையால் தளர்ந்த முஅத்தினின் இடுப்பில் தொங்குகிறது. இருளில் படியிறங்க அவருக்குக் கால் தடுமாறுகிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு தம்பிகளின் பெயரை எழுதி, தகவல் பலகையில் ஒட்டி, அந்தச் சாவியை அவர்களிடம் முறை வைத்துக் கொடுங்கள். யார் எந்நாள் என்று எழுதும்போது, முதலில் அந்தச் சிவப்புக் குறியை அழுத்திய தம்பியின் பெயரை வெள்ளிக்கிழமைக்கு எழுதுங்கள்.